அப்பாவுக்கு அடியெடுத்துக் கொடுத்தேன்

என் அப்பாவுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பது பிஜித் தீவில் எங்கள் சபேட்டோ பள்ளத்தாக்கில் நாய் பூனைக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்டவரைப் பிடித்துப் பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவராக்கினார்கள். ஆக்கியவர்கள் பாதிப்பேர் நிம்மதியாக விமானம் ஏறிப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டவள் நான். பதினோரு வயதுப் பெண் பள்ளி விடுமுறையில் என்ன செய்வாள்? ஆற்றில் குளிப்பாள், லாரியிலிருந்து விழுந்த கரும்பைக் கடித்துத் துப்புவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கொல்லையில் துணிக்கொடிக்குக் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று வாரம், ஒரு பிற்பகல் விடாமல், ஒரே சொற்பொழிவைக் கேட்டேன். இன்றைக்கும் யாராவது மைக்கைத் தட்டிப் பார்த்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அப்பா ஊமை இல்லை, கணக்கு வாத்தியார். துறையூர்ப் பக்கத்திலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தில் பிஜிக்கு வந்தவர், இங்கேயே பிறந்து வளர்ந்த அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். வகுப்பில் அவர் பேச்செல்லாம் கரும்பலகையோடுதான். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும்போது குரல் கணீரென்று வரும். பிள்ளைகள் பக்கம் திரும்பினால் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. ஒரு பரிசளிப்பு விழாவில் அவரை நன்றியுரைக்கு மேடையேற்றினார்கள். "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நன்றியுரை என்றால் நன்றிதானே சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்து எங்களிடம் அரை மணி நேரம் வாதம் செய்தார். வீட்டில் மட்டும் வாய்க்குக் குறைச்சல் இல்லை.

அது, கலகக்காரர்கள் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்து வைத்திருந்த வருடம். தலைநகர் சுவாவில் இந்தியர் கடைகள் எரிந்தன. எங்கள் பக்கம் ஒன்றும் எரியவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு பெட்டியைத் தூசி தட்டினார்கள். அம்மா நாடி நகர விமான நிலையத்துச் சமையல்கட்டில் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையில் இருந்தாள். வருகிற விமானமெல்லாம் காலியாக வந்தது, போகிற விமானமெல்லாம் நிரம்பிப் போனது என்று வந்து சொல்வாள். நியூசிலாந்தில், ஆக்லாந்திலிருந்த பெரியம்மா அனுப்பிய குடியேற்றப் படிவங்களை எங்கள் வீட்டிலும் நிரப்பி அனுப்பினார்கள். எனக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை. எங்கள் வகுப்பில் படிவம் நிரப்பாத வீடே கிடையாது. பலருக்குப் பதிலே வரவில்லை.

பள்ளிக் கமிட்டித் தலைவராக இருந்த பலசரக்குக் கடைக்காரர் முதலில் சிட்னிக்குப் போனார். அடுத்துத் தலைவரான கணக்காளர் நாலு மாதத்தில் பிரிஸ்பேனுக்குப் போனார். மூன்றாவது கூட்டத்துக்கு வந்த ஒரு கைப்பிடி ஆட்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். கடைசியில் யாரோ அப்பாவைக் காட்டினார்கள். ஏற்கனவே ஒரு தடவை கடல் தாண்டி வந்த மனுஷன், இன்னொரு தடவை பெட்டி கட்ட மாட்டார் என்று காரணமும் சொன்னார்கள். அப்பா மறுத்துப் பேசியிருக்கலாம். பேச வந்தால்தானே!

தலைவரானதும் முதல் வேலையே தலைக்கு மேல் வந்து நின்றது. எங்கள் பள்ளிக்கூடம் நின்ற நிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பூர்வகுடிப் பிஜியர் கிராமத்துக்குச் சொந்தம். குத்தகை அந்த வருடக் கடைசியோடு முடிகிறது. காகிதமெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் ஓடும் என்றாலும், கிராமத்துக்கு நேரில் போய், அவர்கள் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டை முன்னால் வைத்து, மரியாதையாகக் கேட்டால்தான் காரியம் நடக்கும். அவர்கள் தலையாட்டாவிட்டால் ஜனவரியில் பள்ளி திறக்காது. பிள்ளைகள் நாடிக்குப் பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டும். கரும்புக்காட்டு வீடுகளில் எத்தனை பேர் பஸ்ஸுக்கு அனுப்புவார்கள்? பெண் பிள்ளைகளை நிச்சயம் நிறுத்திவிடுவார்கள். அதாவது என் சிநேகிதிகள் முக்கால்வாசிப் பேரை. இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நான் பேசுறேன்," என்றார் அப்பா. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

சிட்னிக்குப் போன கடைக்காரர் தூக்க முடியாத சாமான்களை ஆளாளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு கேசட் பெட்டி. தலைவர்கள் மேடையில் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரர் ஆறு கேசட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார். தொண்டையில் தேன் தடவிக்கொண்டு பேசுகிற ஆள். நிமிர்ந்து நில். வயிற்றிலிருந்து பேசு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருவர் கண்ணைப் பார். கையை வீசு. முதலில் ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வை. முக்கியமான வார்த்தைக்கு முன்னால் மூன்று விநாடி நிறுத்து. அப்பா இதையெல்லாம் நோட்டில் சூத்திரங்களாக எழுதிக்கொண்டார். கணக்கு வாத்தியாரிடம் எதைக் கொடுத்தாலும் சூத்திரமாகத்தான் வெளியே வரும்.

கேசட்டை ஓட்டுவதும் நிறுத்துவதும் திருப்பிச் சுற்றுவதும் என் வேலை. கேட்கும் கூட்டமும் நானே. எனக்கு இரண்டு பக்கமும் காலி வாளிகளைக் கவிழ்த்து வைத்து, அவையும் ஜனங்கள் என்று பாவித்துக்கொண்டு, அப்பா அவற்றின் கண்ணையும் பார்த்துப் பேசினார். வாளிக்கு ஏது கண்? கேட்டால் கோபம் வரும்.

எனக்குச் சைகைகளும் சொல்லித் தந்தார். காதைத் தொட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூக்கைத் தொட்டால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு கையையும் மடியில் வைத்தால் போதும், முடித்துவிட வேண்டும். நான் முதல் நிமிடத்திலிருந்தே மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் ஒரு தடவைகூட முடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் வரியை மறந்து நின்றுவிட்டால் நான் மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். ஐந்துக்குள் வராவிட்டால் அடுத்த வரியின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு சொற்பொழிவில் பத்து இடத்தில் நிற்பார். அவற்றில் எது மறதி, எது கேசட்டுக்காரர் சொன்ன மூன்று விநாடி என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

"கல்வி என்பது..." என்று ஒரு கையை உயர்த்தி நிற்பார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"ஒரு," என்பேன்.

"தெரியும் பாப்பா! நிறுத்தம் அது!"

"ஐந்து ஆயிடுச்சுப்பா!"

"நீ வேகமா எண்ணுற!"

இப்படி மூன்று வாரம். என் சிநேகிதிகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு ஆற்றுக்குப் போவார்கள். போகும்போது ஒருத்தி கையை உயர்த்தி "கல்வி என்பது" என்பாள், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிடும். அந்தச் சொற்பொழிவு முழுக்க எனக்கு மனப்பாடம். ஆங்கிலத்திலும் மனப்பாடம், அவர் முதலில் எழுதிப் பார்த்த தமிழிலும் மனப்பாடம். அவருக்குத்தான் ஆகவில்லை.

அம்மா இதையெல்லாம் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுடைய தாத்தாவின் அப்பா கரும்பு வெட்ட வந்தவர். அம்மாவின் தமிழில் பழைய மெட்ராஸ் பக்கத்துப் பேச்சும் இந்தியும் கலந்து கிடக்கும். ஆனால் அவளுக்குப் பிஜி மொழி தண்ணீர் பட்ட பாடு. சமையல்கட்டில் அவள் கூட்டாளிகளில் பாதிப்பேர் அந்தக் கிராமத்துப் பெண்கள்தான்.

"ஏங்க, அங்க போயி நின்னுக்கினு பேசாதீங்க. தலைவரு கீழ குந்திக்கினு இருக்கும்போது நின்னா அவருக்கு மரியாதி கெடுத்தாப்பல ஆவும்," என்றாள் ஒருநாள்.

"உட்கார்ந்து பேசினா வயித்துலேருந்து குரல் வராது," என்றார் அப்பா.

"கண்ணப் பாத்துப் பேசாதீங்க. தலய குனிஞ்சிக்கினு மெதுவா பேசணும்."

"அப்புறம் என்னத்துக்கு இத்தனை பயிற்சி?"

"அதான் நானும் கேக்கறேன், இன்னாத்துக்கு? பெரிய மனுசன் அங்க வாயே தொறக்க மாட்டான். அவனுக்கு பதிலா இன்னொரு ஆளு பேசுவான். நம்ம பக்கம் என் தம்பி பேசட்டும். நீங்க சும்மா குந்தினு இருங்க, அது போதும்."

சும்மா இருந்தால் போதும் என்று இருபது வருடமாக அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று வாரம் உழைத்த மனுஷனுக்கு எப்படிப் பிடிக்கும்? தலைவன் என்றால் பேச வேண்டும் என்று அவர் தலையில் கேசட்டுக்காரர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அம்மா விடவில்லை. போனவர்களைப் பற்றி அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள், அதையாவது யோசித்தீர்களா என்றாள். அப்பா துணிக்கொடியிலிருந்த துண்டை எடுத்து மடித்துத் திரும்பப் போட்டார். பிறகு, "ரீவைண்ட் பண்ணு பாப்பா," என்றார். நானும் பண்ணித் தொலைத்தேன்.

கிராமத்துக்குப் போகும் நாள் வந்தது. ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. மாமா தன் வேனைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மாவின் தம்பியான அவர் கரும்பு லாரி ஓட்டுகிறவர், அந்தக் கிராமத்தில் ஒரு வீடு விடாமல் உட்கார்ந்து யங்கோனா குடித்தவர். அப்பா வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தார். மாமா அந்த டையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். கமிட்டியிலிருந்து இன்னும் இரண்டு பேர் வருவதாக இருந்தது. ஒருவருக்குக் காய்ச்சலாம், இன்னொருவர் அன்று காலையில்தான் விசா அலுவல் என்று சுவாவுக்குப் பஸ் ஏறிவிட்டாராம். சே, இதுவும் ஒரு கமிட்டியா!

கிராமத்துக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். மேல் பக்கம் கிராமத் தலைவர், நரைத்த முடியோடு, கனமான ஆள், சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருக்காகப் பேசுகிறவர். நடுவில் யங்கோனா கரைக்கும் பெரிய மரத் தொட்டி. அப்பாவும் மாமாவும் தொட்டிக்கு இந்தப் பக்கம், தலைவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அம்மாவையும் என்னையும் வாசலை ஒட்டிப் பெண்களோடு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். நான் காதைத் தொட்டால் என்ன, மூக்கைத் தொட்டால் என்ன, அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரச் சைகைப் பாடம் அந்த நிமிடத்தில் குப்பைக்குப் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தேன். அம்மா என் கையில் ஒன்று வைத்தாள்.

மாமா வேர்க்கட்டை இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் குனிந்துகொண்டு, தாழ்ந்த குரலில் பேசி முன்னால் வைத்தார். அவர்கள் பக்கத்து ஆள் தொட்டு ஏற்றுக்கொண்டு பதில் சொன்னார். எல்லோரும் உள்ளங்கையைக் குவித்து டொப் டொப்பென்று தட்டினார்கள். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாமா அப்படியே விஷயத்தையும் சொல்லி முடித்திருப்பார். அதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

கூடம் முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டது. என் பக்கத்திலிருந்த பாட்டியம்மா ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா, "ஐயோ, ராமா!" என்றாள். அப்பா டையைச் சரிசெய்து, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, "பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே!" என்று ஆங்கிலத்தில் ஒரு முழக்கம் போட்டார். இத்தனை வருடம் எங்கேதான் வைத்திருந்தாரோ அந்தக் குரலை! வெளியே ஒரு நாய் குரைத்தது. மாமா அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அரே மச்சான், உக்காருங்க! காரியத்தைச் சத்யநாஷ் பண்ணாதீங்க!"

அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தாலும் விடவில்லை. வேடிக்கையைச் சொன்னார். ஒரு வாத்தியாரும் ஒரு கழுதையும் வருகிற வேடிக்கை அது, வாளிகளே சிரிக்காத வேடிக்கை. மாமா அதைப் பிஜி மொழியில் சொல்லாமலே விழுங்கிவிட்டார். பிறகு கல்வியின் பெருமை வந்தது, நாட்டின் எதிர்காலம் வந்தது. அப்பா நாலு வாக்கியம் பேசினால் மாமா நாலு வார்த்தை சொன்னார். அப்பா மூன்று விநாடி நிறுத்தினால் மாமா முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையைக் குவித்துத் தட்டினார், கூடமே சேர்ந்து தட்டியது. அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகப் போனார். நான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவமானம் அவமானம் என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் அவர்கள் நல்ல மனுஷர்கள். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. அப்பா எப்படியோ கரை சேர்ந்து, பள்ளிக்கூடத்துக்கு நிலத்தைத் தொடர்ந்து கொடுங்கள் என்று கேட்டு முடித்தார். அந்தக் கடைசி வரியை மட்டும் முழக்கமில்லாமல், பலகையைப் பார்த்துப் பேசுகிறவர் மாதிரி, இயல்பாகச் சொன்னார். மாமா அதை முழுக்க மொழிபெயர்த்தார். தலைவருக்காகப் பேசுகிறவர் அவர் பக்கம் குனிந்தார். தலைவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, தானே வாயைத் திறந்து பிஜி மொழியில் மெதுவாகப் பேசினார். அம்மா எனக்குக் காதில் சொன்னாள். முன்னே கடைக்காரர் வந்தார், இதே பாயில் உட்கார்ந்தார், நம் பிள்ளைகள் என்றார், இப்போது சிட்னியில் இருக்கிறார். பிறகு கணக்காளர் வந்தார், இதே தொட்டியில் குடித்தார், அவரும் போய்விட்டார். நாங்கள் யாருக்கு நிலத்தைக் கொடுக்கிறோம்? போகிறவர்களுக்கா?

அப்புறம் அவர் அப்பாவை நேராகப் பார்த்து, எல்லோருக்கும் புரிகிற இந்தியில் கேட்டார்.

"மாஸ்டர், தும் ஹியாங் ரஹேகா?"

நீ இங்கே இருப்பாயா. அவ்வளவுதான் கேள்வி. இதைவிடச் சுலபமாக ஒரு கேள்வி கேட்க முடியாது.

அப்பா பேசவில்லை.

கேசட்டுக்காரரின் நிறுத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. சரி, இப்போது சொல்லிவிடுவார். நான்கு. சொல்லவில்லை. ஐந்து. வியர்வையில் சட்டை ஒட்டியிருந்த முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை. மாமாவும் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் இந்த மனுஷர் இப்படி இருக்கிறார்! நிலத்தைக் கொடுக்கப் போகிறார்கள், ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி, சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், அதிலும் வந்து மறந்துவிட்டு நிற்கிறாரே! ஆறு, ஏழு, எட்டு. மூன்று வார எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. அம்மா என் கையைப் பிடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஹாங்! ரஹேகா!" என்று கத்தினேன். "ஹம் லோக் ஹியாங் ரஹேகா!"

ஆமாம், நாங்கள் இங்கேதான் இருப்போம். கேசட்டுக்காரர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார். வயிற்றிலிருந்து வந்த குரல்.

கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார், அப்புறம் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அவருக்காகப் பேசுகிறவர் நான் சொன்னதைப் பிஜி மொழியில் உரக்கச் சொன்னார். வேரைக் கரைத்து வைத்திருக்கும்போது சொன்ன சொல் சொன்னதுதான், குழந்தை சொன்னாலும் வீட்டின் சொல்தான் என்று அப்படித் திருப்பிச் சொல்வதற்குப் பொருளாம். எல்லோரும் தட்டினார்கள். முதல் சிரட்டை யங்கோனாவை மொண்டு அப்பாவிடம் நீட்டினார்கள்.

அப்பா உடனே வாங்கவில்லை. திரும்பினார். என்னைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அப்போதுகூட ஏதாவது சொல்லியிருக்கலாம். குழந்தை தெரியாமல் பேசிவிட்டது என்று சொன்னால் போதும், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர் இரண்டு கையாலும் சிரட்டையை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். கூடம் மூன்று முறை தட்டியது. பள்ளிக்கூடம் பிழைத்தது.

அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அப்பா கடைசிவரை அதன் தலைவராக இருந்தார், ஒருநாளும் நன்றாகப் பேசவில்லை. எனக்கு இருபத்தைந்து வயது ஆன பிறகுதான், ஏதோ ஒரு பேச்சில், பெரியம்மா ஆக்லாந்திலிருந்து தொலைபேசியில் வாய் தவறி விட்டுவிட்டாள். நாங்கள் கிராமத்துக்குப் போன வாரத்தின் செவ்வாய்க்கிழமையே நியூசிலாந்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாம். மூன்று பேருக்கும் அனுமதி. பெரியம்மா வீட்டில் எங்களுக்கு அறைகூட ஒழித்து வைத்திருந்தாளாம். அம்மா சமையல்கட்டில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க இருந்தாள். நிலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, கமிட்டியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, டிசம்பரில் கிளம்புவது என்று இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். டிக்கெட் வாங்கும் வரையில் எனக்குச் சொல்லக்கூடாது என்று ஒரு ஏற்பாடு. என் வாயில் ஒரு சொல்லும் நிற்காது என்று அம்மா சொன்னாளாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பெரியம்மா இதைச் சொன்னபோது எனக்கு வந்ததும் எரிச்சல்தான். என்ன ஜென்மங்கள் இவர்கள்! பதினாலு வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருக்கக்கூடாதா? அம்மா அதே சமையல்கட்டில், அதே தட்டுகளை, அவளை ஏற்றிக்கொள்ளாமல் போன விமானங்களுக்கு அடுக்கிக்கொண்டே இருந்தாள். எந்தச் சண்டையிலும், நான் எவ்வளவு வாயாடியபோதும், உன்னால்தான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் பெரியவர்கள் நடுவில் கத்தியதற்குத் தண்டனை என்று நினைத்து, நானும் ரோஷமாகப் பேசாமல் இருந்தேன்.

அன்று கிராமத்திலிருந்து திரும்பும்போது எனக்குப் பூமியில் கால் பாவவில்லை. மாமா வேனை ஓட்டினார், ஏனோ அவர்கூட வழக்கம்போலப் பாட்டுப் போடவில்லை. அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் அப்பாவும் பின்னால். அப்பா டையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். நான் விடுவேனா? பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, அவ்வளவு கஷ்டமானதெல்லாம் சொன்னீங்க, இவ்வளவு சின்னக் கேள்விக்கு ஏன் நின்னுட்டீங்க? அதுல மறக்கிறதுக்கு என்னப்பா இருக்கு?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் தலையில் கையை வைத்தார்.

"மறந்துதாம்மா போச்சு," என்றார். "நல்லவேளை, நீ எடுத்துக் கொடுத்த."

எட்டு வரைக்கும் எண்ணினேன், ஐந்திலேயே சொல்லியிருக்கலாம், உங்களுக்காகப் பொறுத்தேன் என்று நான் பெருமை அடித்துக்கொண்டே வந்தேன். முன்னால் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசியதை நினைத்துத்தான் அழுகிறாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகள் எவ்வளவு நன்றாகப் பேசினாள் என்று பெருமையில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.